நான்கு கைகள், ஒட்டு தெரியாத சுவர்

ஓஸ் ஜெமியோஸ் என்றால் போர்ச்சுகீசிய மொழியில் 'இரட்டையர்'. பிரேசிலின் சாவோ பாலோவில் 1974இல் பிறந்த ஒட்டாவியோ, குஸ்டாவோ பண்டோல்ஃபோ சகோதரர்கள் அந்தப் பெயரில்தான் சுவர்களில் வரைகிறார்கள். 2014இல் கனடாவின் வான்கூவரில், கிரான்வில் தீவிலுள்ள கான்கிரீட் ஆலை ஒன்றின் ஆறு சேமிப்புக் கோபுரங்களையும் ஆறு ராட்சத மனிதர்களாக மாற்றினார்கள். கோபுரம் ஒவ்வொன்றும் சுமார் 21 மீட்டர் உயரம். அத்தனையும் சுற்றிவந்து பார்க்கிற வளைந்த பரப்பு. எந்தக் கோடு யார் இழுத்தது என்று எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது.

இதற்குப் பலரும் சொல்லும் காரணம் ரத்தபந்தம். அது பாதிதான் உண்மை. கூடப்பிறந்தவர்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பவை இரண்டு. சிறு வயதிலிருந்து ஒரே நோட்டில் சேர்ந்து கிறுக்கிய ஆண்டுகள் ஒன்று. "இது நல்லா இல்ல, அழி" என்று முகத்துக்கு நேரே சொல்லும் உரிமை இன்னொன்று. மீதியெல்லாம் வேலைப் பங்கீடு. சொல்லப்போனால் சில தவறுகள் உடன்பிறந்தவர்களிடம்தான் அதிகம் நடக்கின்றன. 'அவனுக்குத் தெரியாதா என்ன' என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த இருவர் என்றால் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

இருவர் ஒரு பெரிய சுவரை வரையும்போது முதல் கேள்வி, ஒட்டு எங்கே தெரியும் என்பது. ஒருவர் வேலை முடிந்து மற்றவர் வேலை தொடங்கும் இடம்தான் ஒட்டு. சுவரைத் தட்டிப் பார்ப்பதிலிருந்து வாளியில் சாயம் கலப்பது வரை பல முடிவுகள் இந்தக் கேள்வியில் வந்து நிற்கும்.

புகழ்பெற்ற மூன்று ஜோடிகள் இதை மூன்று விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். ஓஸ் ஜெமியோஸ் பெரிய பரப்புகளைச் சாதாரண வீட்டுச் சுவர் பெயின்டைக் கொண்டு ரோலரால் நிரப்பிவிட்டு, கோட்டையும் நிழலையும் ஸ்ப்ரேயில் ஏற்றுகிறார்கள். ரோலர் அடித்த பரப்பில் யார் கை என்று தெரிய வாய்ப்பில்லை, ஆகவே கை அடையாளம் மேல் கோட்டில் மட்டும்தான் விழும். ஸ்பெயினில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்து நியூயார்க்கில் குடியேறிய இரட்டையர் ஹவ், நோஸ்ம். இவர்கள் நெடுங்காலம் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு என்ற சின்ன வண்ணக் குடும்பத்துக்குள்ளேயே நின்றார்கள். தட்டையான வண்ணமும் கூர்மையான ஓரமும் சேர்ந்தால், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்வது எளிது. ஈரானின் தப்ரீஸிலிருந்து வந்த சகோதரர்கள் ஐசி, சாட் ஸ்டென்சிலால், அதாவது உருவத்தை வெட்டியெடுத்த அட்டை வழியே சாயம் அடிக்கும் முறையால், பெயர் பெற்றவர்கள். அங்கே கையின் குணம் கத்தியில் வெளிப்பட்டு முடிந்துவிடுகிறது. வெட்டிய அட்டையின் மேல் யார் ஸ்ப்ரே அடித்தாலும் கிட்டத்தட்ட அதே முகம்தான் வரும். புதிதாகத் தொடங்கும் ஜோடி இந்த மூன்றில் எது தங்கள் கைக்கு ஒத்துவரும் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

அதற்கு ஒரு சின்னச் சோதனை போதும். ஒரே ஸ்ப்ரே கேன், சாயம் பீய்ச்சும் ஒரே மூக்கு. இருவரும் பழைய பலகை ஒன்றில் ஒரு மீட்டர் விட்டத்தில் பத்து வட்டம் போடவேண்டும், அடுத்து இரண்டு மீட்டர் நீளத்தில் பத்து நேர்கோடு. ஒருவர் தோளிலிருந்து இழுப்பார், மற்றவர் மணிக்கட்டிலிருந்து. ஒருவர் கோடு வேகமாக ஓடி மெலியும், மற்றவருடையது நிதானமாகத் தடிக்கும், சில இடங்களில் வழியவும் செய்யும். ஒருவர் இடக்கைக்காரர் என்றால் நிழலுக்குப் போடும் சாய்கோடுகள் எதிர்ப்பக்கம் சாயும். இந்த வேறுபாட்டை பயிற்சியால் ஒழித்துவிடலாம் என்று முயல வேண்டாம். யார் எதைத் தொடக்கூடாது என்பதை இந்தப் பலகையை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

வேலையைப் பிரிப்பதில் மிக மோசமான வழி, பலர் முதலில் எடுப்பதுதான்: இடப்பாதி உனக்கு, வலப்பாதி எனக்கு. நடுவில் ஒட்டு விழுந்தே தீரும். இரண்டு பக்கமும் வேகம் வேறு. ஒரு பக்கம் முடிந்துவிட்டால் அந்த ஆள் சும்மா இருக்க முடியாமல் மெருகேற்றிக்கொண்டே இருப்பார், கடைசியில் ஒரு பாதி பூ வேலை, மறுபாதி அவசர வேலை. இதைவிடக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது நல்லது: ஒருவர் அளவெடுத்து வெளிக்கோடு, மற்றவர் நிரப்பல். முடிவுக்கோடு, அதாவது எல்லாம் முடிந்த பின் மேலே வரும் கறுப்புக் கோடோ ஒளிக்கோடோ, சுவர் முழுவதற்கும் ஒரே கை. இதில் குறை, ஒருவர் மற்றவருக்காகக் காத்திருப்பது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதோடு ஒரு மாற்றலைச் சேர்ப்பது. நிரப்பும் கட்டத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். மற்றவர் பாதியில் விட்டதைத் தொட்டுத்தான் தொடங்கவேண்டும், புது இடத்தில் தொடங்கக்கூடாது. இரண்டு நாள் இப்படிப் போனால் இருவர் கையும் சுவர் எங்கும் கலந்துவிடும். தேடினாலும் ஒட்டு கிடைக்காது.

முகம் மட்டும் விதிவிலக்கு. கண், மூக்கு, வாய் ஒரே ஆள்தான். ஒரு கண் அக்காவும் மறு கண் தங்கையும் போட்ட முகத்தில் எதிரே நிற்பவருக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது.

சுவருக்கு வருவோம். புதுப் பூச்சு என்றால் 28 நாள் ஆறவேண்டும். புதுச் சிமென்டின் காரத்தன்மை பி.எச். 12-13 வரை போகும். அந்தக் காரம் எண்ணெய் அடிப்படையிலான பெயின்டைச் சோப்பாக மாற்றிப் பிசுபிசுக்க வைக்கும், காரம் தாங்காத நிறமிகளை வெளிறவும் வைக்கும். பழைய சுவரில் நான்கு சோதனை. கறுப்புத் துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும், வெள்ளைப் பொடி ஒட்டினால் பழைய பெயின்ட் மாவாகிவிட்டது. கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, ஒட்டும் டேப்பை அழுத்தி வெடுக்கென்று இழுக்கவேண்டும், செதில் வந்தால் சுரண்டாமல் வேலை இல்லை. சுத்தியல் பிடியால் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுவிட்டது. கடைசியாக 45 சென்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி 16 மணி நேரம் விடவேண்டும். உள்பக்கம் வியர்த்திருந்தால் ஓதம் இன்னும் இருக்கிறது. உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கவேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய், அடுத்த மாதம் ஓவியத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் ப்ரைமர் அடிப்பது வீண் செலவு.

இந்தச் சோதனைகளை இருவரும் சேர்ந்து செய்யவேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். ஒருவர் பார்த்துவிட்டு "சுவர் பரவாயில்ல" என்று சொல்ல, மற்றவர் அதை நம்பிச் சாயம் வாங்கிவிடுவார். அந்தப் 'பரவாயில்ல'வுக்கு ஆளுக்கு ஓர் அளவு இருக்கிறது.

சாயக் கணக்கு. அகலம் 10 மீட்டர், உயரம் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 120 சதுர மீட்டர். ஓரளவு வழுவழுப்பான பரப்பில் ஒரு லிட்டர் அக்ரிலிக் ப்ரைமர் சுமார் 8 சதுர மீட்டர் ஓடும், ஆக 15 லிட்டர். வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட், லிட்டருக்கு 9 சதுர மீட்டர் என்றால் சுமார் 27 லிட்டர். சேதாரத்துக்கு 15 சதவீதம் சேர்த்தால் 31. சொரசொரப்பான சுவர் என்றால் லிட்டருக்கு 5-6 சதுர மீட்டர்தான் தேறும், எல்லாக் கணக்கும் ஒன்றரை மடங்காகிவிடும். 400 மில்லி ஸ்ப்ரே கேன் ஒன்று அழுத்தமாக மூட 1.5 முதல் 2 சதுர மீட்டர். ஸ்ப்ரே வேலை 30 சதுர மீட்டர் இருந்தால் 15 முதல் 20 கேன், கோட்டுக்கும் திருத்தத்துக்கும் அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

ஒட்டு தெரிவதற்குக் கையைவிடப் பெரிய காரணம் வாளி. கடையில் ஒரே எண் சொல்லி வாங்கிய இரண்டு வாளிகளில்கூட ஷேடு ஒரு நூல் மாறும். இடப்பக்கம் ஒருவர் ஒரு வாளியிலும் வலப்பக்கம் மற்றவர் இன்னொரு வாளியிலும் அடித்தால் காய்ந்த பிறகு சுவரின் நடுவில் கோடு போட்டது போல் நிற்கும். ஆகவே ஒரே நிறத்து வாளிகளையெல்லாம் பெரிய தொட்டியில் கொட்டிக் கலக்கி, மறுபடி வாளிகளில் ஊற்றிக்கொள்ள வேண்டும். கையால் கலந்த நிறம் என்றால் தேவைக்கு மேல் இருபது சதவீதம் முதல் நாளே கலந்து வைப்பது உத்தமம். மூன்றாம் நாள் அதே நிறத்தை மறுபடி கலக்க முடியும் என்று எந்தக் கலைஞரும் மார்தட்ட வேண்டாம். அக்ரிலிக் ஈரத்தில் வெளுப்பாகத் தெரிந்து காய்ந்ததும் ஒரு படி அடர்வாகும். அதனால் தொட்டியில் இருப்பதைப் பார்த்து "அதே நிறம்தான்" என்று சொல்லக்கூடாது. அட்டையில் தடவிக் காயவைத்து, சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துச் சொல்லவேண்டும்.

இன்னொரு கண்ணி: ஒருவர் ஸ்ப்ரேயில் வேலை செய்கிறார், மற்றவர் ரோலரில். எமல்ஷன் மேல் ஸ்ப்ரே பிரச்சினையில்லை, அடிப்பரப்பு ஒரு நாள் காய்ந்திருந்தால் போதும். தலைகீழாக நடந்தால்தான் தொல்லை. ஸ்ப்ரேயில் விழுந்த பிழையை மற்றவர் நல்லெண்ணத்தில் எமல்ஷன் ரோலரால் மூடுவார். பளபளப்பான ஸ்ப்ரே மேல் தண்ணீர் பெயின்ட் முத்து முத்தாக விலகும், அல்லது ஒட்டியது போல் காட்டிவிட்டு பின்னால் தோலாக உரியும். ஸ்ப்ரேப் பிழையை ஸ்ப்ரேயாலேயே மூடவேண்டும். அல்லது மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பை எடுத்த பிறகு மூடவேண்டும்.

படத்தைச் சுவருக்கு ஏற்ற மூன்று வழி உண்டு. கட்டம் போடுவது பழைய வழி: 1:10 அளவில் வரைந்த படத்தில் 10 சென்டிமீட்டர் கட்டம், சுவரில் ஒரு மீட்டர் கட்டம். தூக்குக்குண்டு வைத்து செங்குத்து எடுத்து, சுண்ணப்பொடி நூல் அடிக்கவேண்டும். நீலப்பொடியே போதும், சிவப்புப்பொடி சாயம் ஏறி மேல் வண்ணத்திலும் கசியும். புரொஜெக்டர் இருட்டையும், எதிரே தள்ளி நிற்க இடத்தையும் கேட்கும். சாய்வாக நின்று அடித்தால் படம் சரிவகமாகிவிடும். இப்போது பரவலாக நடப்பது கிறுக்கல் முறை: சுவர் முழுக்க எழுத்து, வட்டம், அம்பு என்று கலந்துகட்டிக் கிறுக்கி, நேர் எதிரே நின்று படமெடுத்து, அதன் மேல் ஓவியத்தைப் பொருத்திப் போனில் வைத்துக்கொள்வது. 'கண் இமையின் முனை, ஐந்து போட்ட இடத்துக்குக் கீழே' என்று தேடிப் போய் வரையலாம்.

இருவர் வரையும்போது கிறுக்கல் முறையில் ஒரு சிக்கல் வரும். இருவர் போனிலும் ஒரே படம், ஒரே பதிப்பு இருக்கவேண்டும். இரவில் ஒருவர் படத்தைச் சற்றே நகர்த்திச் சேமித்துவிட்டு மற்றவருக்கு அனுப்ப மறந்தால், மறுநாள் தோள் ஓரிடத்திலும் கை வேறிடத்திலும் முளைக்கும். பதிப்புக்குத் தேதி போட்டு, பழையதை அழித்துவிடுவதுதான் வழி.

சுவர் உயர உயரப் பார்வைக்கோணம் ஏமாற்றும். 15 மீட்டர் தள்ளி நின்று 12 மீட்டர் சுவரைப் பார்த்தால், உச்சியிலுள்ள ஒரு மீட்டர் கண்மட்டத்திலுள்ள ஒரு மீட்டரில் சுமார் 70 சதவீத அளவே தெரியும். தலை சிறுத்து உடல் பெருத்துத் தோன்றும். முழுதாகச் சரிக்கட்ட முயன்றால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தலை பூசணிக்காயாகிவிடும், மேல் மூன்றில் ஒரு பங்கை 10-15 சதவீதம் நீட்டினால் போதும். பார்ப்பவர் எங்கே நிற்பார் என்பதை வரைவதற்கு முன்பே இருவரும் தரையில் ஒரு குறியிட்டுத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறியில் நின்று சொல்வதுதான் செல்லும்.

மேலே ஒருவர், கீழே ஒருவர் என்பதுதான் இரட்டைக் கையின் உண்மையான லாபம். லிப்டில், அதாவது ஆளை மேலே தூக்கும் வண்டியின் கூடையில், நிற்பவருக்கு இரண்டு மீட்டருக்கு அப்பால் எதுவும் விளங்காது. ஒரு கன்னம் மொத்தச் சுவராகத் தெரியும். தனியாக வரைபவர் ஒவ்வொரு கோட்டுக்கும் இறங்கித் தள்ளிப்போய்ப் பார்த்து ஏறவேண்டும். இருவரில் ஒருவர் தரைக்கண்ணாக இருந்தால் அந்த நேரமெல்லாம் மிச்சம். ஆனால் தரையில் நிற்பவர் "கொஞ்சம் இடது" என்று சொல்லக்கூடாது. முப்பது மீட்டர் தூரத்தில் கொஞ்சம் என்பது சுவரில் ஒரு சாண், மேலே நிற்பவருக்கோ அது விரற்கடை. கட்டத்துக்குப் பெயர் வேண்டும்: நெடுவரிசைக்கு க, ச, த, ப, கிடைவரிசைக்கு எண். "த 7, வல ஓரத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் உள்ளே" என்றால் சண்டையில்லை. காதில் மாட்டிய போனோ வாக்கிடாக்கியோ போதும். கத்திப் பேசினால் மதியத்துக்குள் இருவர் பொறுமையும் தீர்ந்துவிடும்.

பூம் லிப்ட் கூடையின் தாங்குதிறன் பல மாடல்களில் 230 கிலோ அளவில்தான் இருக்கும். இருவர் 150 கிலோ, 20 லிட்டர் வாளி ஒன்று சுமார் 27 கிலோ. இரண்டு வாளியும் கொஞ்சம் கருவிகளும் ஏற்றினால் வரம்பைத் தொட்டுவிடும். நாலைந்து லிட்டராகச் சிறு டப்பாக்களில் பிரித்து ஏற்றுவதே நடைமுறை. விழாமல் காக்க உடலில் மாட்டும் உடல்வாரின் கயிறு கூடைக்குள் உள்ள கொக்கியில்தான் மாட்டவேண்டும், வெளியே எந்தக் கம்பியிலும் கூடாது. கூடை நகரும்போது ஒருவர் ஓட்ட, மற்றவர் மேலேயும் பின்னாலும் பார்க்கவேண்டும், வரையக்கூடாது. மின்கம்பி அருகில் என்றால் எத்தனை மீட்டர் தள்ளியிருக்கவேண்டும் என்பதை மின்வாரியத்திடம் கேட்டுக்கொண்டுதான் வண்டியையே நிறுத்தவேண்டும். இயந்திரம் தாங்கும் காற்றை ஸ்ப்ரே தாங்காது, துண்டு படபடக்கிற காற்றிலேயே கோடு கலைந்து பக்கத்துக் கார் மேல் புள்ளி விழும்.

சாரம் கட்டி வரைந்தால் வேறு கதை. இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு தட்டில் நிற்கலாம், ஆனால் மேலே இருப்பவர் சொட்டு கீழே இருப்பவர் ஈரத்தில் விழும். ஒருவருக்கு ஒருவர் நேர் கீழே நிற்காமல் மூன்று மீட்டராவது பக்கவாட்டில் தள்ளி நிற்கவேண்டும், இது பாதுகாப்புக்கும்தான். தட்டு மாறும் உயரத்தில் கை எட்டிய எல்லை கிடைக்கோடாகத் தெரியும், அங்கே ஈரம் காயுமுன் கீழ்த்தட்டுக்காரர் எட்டிப்பிடித்துக் கலக்கவேண்டும். சாரத்தைச் சுவரோடு கட்டிய ஓட்டைகளை யார் மூடுவது என்று முன்பே பேசி வைக்காவிட்டால் அவை ஓவியத்தின் நெற்றியில் அம்மைத் தழும்பாக நிற்கும்.

வெயிலில் காயும் சுவரில் ரோலர் அடித்தால் ஈர ஓரம் போய்ப் பட்டை பட்டையாக நிற்கும். ஆகவே கிழக்குப் பார்த்த சுவர் மதியத்துக்கு மேல், மேற்குப் பார்த்தது காலையில். சுவரின் வெப்பம் பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையைவிட, குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கவேண்டும், இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத பனி மேல் பெயின்ட் உட்கார்ந்துவிடும். 10 டிகிரிக்குக் கீழே எமல்ஷன் சரியாகப் படலமாகாது, கேனும் துப்பத் தொடங்கும். கேனை இரண்டு நிமிடம் குலுக்கவேண்டும், முடித்ததும் தலைகீழாகப் பிடித்துக் காற்று மட்டும் வரும்வரை அழுத்தி மூக்கைச் சுத்தம் செய்யவேண்டும். சாதாரணத் தூசி முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது, கரிம ஆவிக்கான வடிகட்டியும் துகள் வடிகட்டியும் சேர்ந்த சுவாசக்கவசம் வேண்டும். உடன்பிறந்தவர்களில் ஒருவர் போட்டு மற்றவர் போடாமல் நிற்பதை எத்தனை சுவர்களின் படங்களில் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சண்டையைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. லிப்ட் நாள் வாடகைக்கு வருகிறது, அது வந்த பிறகு படத்தை மாற்றும் வாக்குவாதம் வாடகை போட்டு நடத்தும் வாக்குவாதம். வடிவம் பற்றித் தரையில் நிற்பவர் சொல்வது முடிவு, எப்படி அடிப்பது என்பதில் மேலே நிற்பவர் சொல்வது முடிவு என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சச்சரவு பிறக்கவே பிறக்காது. கத்தும் சண்டையைவிட மோசம் கத்தாத சண்டை. 'அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று தம்பி முதல் இரண்டு நாள் வாயைத் திறக்காமல், மூன்றாம் நாள் தோள்பட்டை கோணல் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அதற்குள் இருபது லிட்டர் சாயம் ஏறியிருக்கும். தினமும் வேலை முடிந்ததும் குறியிட்ட இடத்தில் இருவரும் நின்று, இளையவர் முதலில் பேசுவது என்று வைத்துக்கொள்ளலாம். வேடிக்கையாகத் தெரிந்தாலும் பலன் தரும் ஏற்பாடு.

எழுத்தில் வேண்டியது அதிகமில்லை. ஒப்பந்தத்தில் இருவர் பெயரும், எத்தனை ஆண்டு சுவரைத் தொடக்கூடாது என்பதும், அழிப்பதற்கு முன் யாருக்குச் சொல்லவேண்டும் என்பதும் இருக்கவேண்டும். சாவோ பாலோவின் 23 டி மாயோ சாலையோரத்தில் ஓஸ் ஜெமியோஸும் நண்பர்களும் வரைந்த பெரிய சுவரின் பெரும்பகுதி, 2008இல் நகரத் துப்புரவு வேலையில் சாம்பல் நிறம் பூசி மறைக்கப்பட்டது. அத்தனை பெயர் பெற்றவர்களின் சுவருக்கே அந்த கதி.

மேல் பூச்சு அடிப்பதென்றால் புற ஊதாக் கதிரைத் தடுப்பதாகவும் சுவரை மூச்சுவிட விடுவதாகவும் பார்த்து வாங்கவேண்டும். மூச்சடைத்த சுவர் கொப்புளிக்கும். ஒளிரும் வண்ணங்களை எந்தப் பூச்சாலும் காப்பாற்ற முடியாது, அவை சீக்கிரமே வெளிறும். இரும்பு ஆக்சைடுச் சிவப்பும் காவியும் கரிக்கறுப்பும் நிற்கும்.

கிளம்புமுன் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு லிட்டரைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, மூடியில் அந்த நிறத்தையே தடவி, தேதியும் கலவை விகிதமும் எழுதி வைக்கவேண்டும். நான்கைந்து ஆண்டு கழித்து ஏதாவது கீறல் விழுந்தால் பழுது பார்க்க வருவது இருவரில் ஒருவராகவே இருக்கலாம். அப்போது கீறலை மட்டும் தொட்டு மூடினால் திட்டாகத் தெரியும், ஏனென்றால் சுற்றிலும் உள்ள வண்ணம் அதற்குள் வெளுத்திருக்கும். அந்த வண்ணம் எந்தக் கோட்டில் முடிகிறதோ அந்தக் கோடு வரை முழுப் பரப்பையும் அடிக்கவேண்டும். டப்பாவில் இருப்பது வெளுக்காத பழைய நிறம் என்பதால் முதலில் ஓர் அட்டையில் தடவி, காய்ந்த பிறகு சுவரோடு வைத்துப் பார்த்து, தேவையான அளவு வெள்ளை சேர்த்துக்கொள்ள வேண்டும்.